விதியும் விபத்தும்: நெடுஞ்சாலை அபாயத்தைக் கணித்த வரலாறு

தோற்றுவாய்

தமிழில் விதி என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. ஊழ் என்பது ஒன்று. ஒழுங்கு பிறழாது நிகழும் நியதி என்பது மற்றொன்று. தெருவில் ஒரு வண்டி கவிழ்ந்து உயிர் மடியுமிடத்து மக்கள் வாயில் முதலில் எழுவது முதற்பொருளேயாம். ‘விதி முடிந்தது’ என்பர்; ‘தலையெழுத்து’ என்பர். பத்திரிகைகளும் பொலிசாரும் வேறொரு தொடரைக் கையாள்வர். ‘சாரதியின் கவனயீனம்’ என்பது அது. முன்னது பழியை ஊழின்மேல் ஏற்றுகின்றது. பின்னது தனியொருவன்மேல் ஏற்றுகின்றது. ஆயினும் ஒருவகையில் இரண்டும் ஒன்றே. மேற்கொண்டு வினாவ வேண்டிய தேவையை இரண்டும் இல்லாமற் செய்துவிடுகின்றன.

கடந்த இரு நூற்றாண்டுக் காலத்தில் கணித அறிஞர் சிலர் இவ்விரு விடைகளாலும் அமைதி கொள்ளாது, விதி என்பதன் இரண்டாம் பொருளைத் தேடிச் சென்றனர். இன்ன வண்டி இன்ன நாளில் மோதும் என்று எவராலுங் கூறல் இயலாது. எனினும், இன்ன தெருவில், இத்துணை நெருக்கத்தில், வண்டிகளின் வேகம் இவ்வாறு வேறுபடும்போது, மோதல் நிகழும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கூறல் இயலும் என்பது அவர்கள் படிப்படியாகக் கண்ட முடிபாகும். அம்முடிபு தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அது இலங்கையின் தெருக்களுக்கு, சிறப்பாக மலைநாட்டுத் தெருக்களுக்கு, உரைக்கும் பாடத்தையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாட்டுவண்டிக்கு வகுத்த தெரு

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டது. மலைகளாலும் காடுகளாலும் அரண் செய்யப்பட்டிருந்த அந்நாட்டைத் தம் ஆட்சியில் நிலைநிறுத்துவதற்குத் தெருக்களே ஏற்ற கருவி எனக் கண்டவர் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் என்பவர். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவின் வேலை 1820ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்திய கப்டன் டோசன் 1829இல் உயிர்துறந்தார். 1832இல் அவர் நினைவாகக் கடுகண்ணாவைக் கணவாயில் எழுப்பப்பெற்ற தூபி இன்றும் நிற்கின்றது. அதே ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபாற் குதிரைவண்டியும் ஓடத் தொடங்கிற்று. சிறு பராயத்திலேயே இத்தெரு வேலையில் அமர்த்தப்பட்ட தோமஸ் ஸ்கின்னர், 1867இல் இளைப்பாறும் வரையில் தீவெங்கணும் தெரு வகுத்துப் புகழ் பெற்றார். வகுத்தவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது; மண் வெட்டியும் கல் உடைத்தும் உழைத்தோரின் பெயர் நிலைக்கவில்லை. அவருட் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் என்பது மறத்தற்குரியதன்று.

இத்தெருக்கள் எவ்வேகத்துக்கென வகுக்கப்பட்டன என்பது கருதற்பாலது. கோப்பி மூடைகளை ஏற்றிய வண்டியை மாடுகள் இழுத்து ஏறக்கூடிய சரிவே அவற்றின் சரிவுக்கு எல்லையாயிற்று. சரிவைக் குறைத்தற்பொருட்டுத் தெரு மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிச் சென்றது. மாட்டுவண்டி ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு கிலோமீற்றர் செல்வது. அவ்வேகத்தில் வருவோர்க்கு வளைவின் அப்புறத்தே நிற்பது யாது எனப் பத்து முழத் தூரத்திற் கண்டாலும் போதும், நின்றுவிடலாம்.

புகையிரதப் பாதை 1867இற் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரந்தது. தலவாக்கலையிலிருந்து பிரிந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியே டயகம வரை செல்லுந் தெருவைப் போன்ற கிளைத்தெருக்கள், தேயிலையைப் புகையிரத நிலையத்துக்கு இறக்கவும் அரிசியைத் தோட்டங்களுக்கு ஏற்றவும் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது. பின்னர் லொறியும் பஸ்ஸும் வந்தன. தெருவின் தளம் தார் பூசப்பெற்றுப் புதுமை பெற்றது. அதன் வளைவும் அகலமும் பல இடங்களிற் பழைய நிலையிலேயே நின்றன. தெரு பழையது, வேகம் புதியது. மலைநாட்டு விபத்தின் வேர் இவ்வொரு முரண்பாட்டில் இருக்கின்றது.

வேறொரு செய்தியும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்த தொழிலாளர் பலர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். எத்துணைப்பேர் மாண்டனர் என்பதில் இன்றும் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காரணம் வெளிப்படை: மாண்டோரை ஒழுங்காக எண்ணியவர் எவருமிலர். எண்ணப்படாத சாவு எவர் நெஞ்சையும் உறுத்துவதில்லை. உறுத்தாத சாவு தடுக்கப்படுவதுமில்லை. விபத்தைக் குறைத்த வரலாறு, விபத்தை எண்ணத் தொடங்கிய வரலாறாகவே இருப்பது இதனாலேயாம்.

சிற்றெண்களின் விதி

பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் புவாசோன் 1837ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று நீதிமன்றத் தீர்ப்புக்களைப் பற்றியது. அதனுள் அடங்கிக் கிடந்த ஒரு சூத்திரம் பின்னர் அவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று. நிகழ்வதற்கு மிகச் சிறிய வாய்ப்பே உடைய ஒரு நிகழ்ச்சி, மிகப் பல சந்தர்ப்பங்களில் எத்தனை முறை நிகழும் என்பதை அச்சூத்திரம் கூறும். அறுபது ஆண்டுகளாக அதனைப் பெரிதும் போற்றினாரில்லை. 1898இற் போட்கீவிச் என்பார் ‘சிற்றெண்களின் விதி’ என்னுஞ் சிறு நூலால் அதன் ஆற்றலை விளங்கவைத்தார்.

அவர் எடுத்துக்கொண்ட செய்தி விந்தையானது. பிரசிய நாட்டுக் குதிரைப்படையிற் குதிரை உதைத்து மாண்ட வீரரின் தொகை, படைப்பிரிவு தோறும் ஆண்டு தோறும் பதிவு செய்யப்பட்டிருந்தது. பத்துப் பிரிவுகளின் இருபது ஆண்டுப் பதிவுகள் சேர்ந்து 200 ஆயின. அவற்றுள் 109 பதிவுகளில் ஒருவரும் மாண்டிலர், 65இல் ஒருவர், 22இல் இருவர், 3இல் மூவர், ஒன்றில் நால்வர். மொத்தம் 122 சாவு, சராசரி 0.61. இச்சராசரி ஒன்றை மட்டும் புவாசோன் சூத்திரத்தில் இட்டால் முறையே ஏறத்தாழ 109, 66, 20, 4, 1 என விடை கிடைக்கின்றது. குதிரை எந்த வீரனை எந்த நாளில் உதைக்கும் என்பது எவருக்குந் தெரியாது. ஆயினும் இருபது ஆண்டுச் சாவுகளின் ஒழுங்கு முழுவதும் ஒற்றை எண்ணுள் அடங்கி நின்றது. ஊழ் எனப்பட்டதனுள்ளே நியதி ஒன்று உறைவதை உலகம் தெளிவுறக் கண்ட தருணங்களுள் இஃது ஒன்றாம்.

முதலாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிற் பெண்கள் பெருந்தொகையினராய் வேலை செய்தனர். அவர்களுக்கு நேர்ந்த விபத்துக்களைக் கிறீன்வுட் என்பாரும் யூல் என்பாரும் ஆராய்ந்து 1920இல் வெளியிட்டனர். இங்கே புவாசோன் சூத்திரம் சரிவரப் பொருந்தவில்லை. ஒரு விபத்துமில்லாதோரும் பல விபத்துக்கு ஆளானோரும் சூத்திரங் கூறியதனினும் மிகுந்திருந்தனர். எனவே அபாயம் எல்லோர்க்கும் ஒரே அளவினதன்று என்று கொண்டு, அவ்வேறுபாட்டையும் உள்ளடக்கிய புதியதொரு சூத்திரத்தை அவர்கள் அமைத்தனர். இன்றும் தெருப்பொறியியலார் ஒவ்வொரு சந்தியிலும் வளைவிலும் நிகழும் விபத்துக்களைக் கணிக்க அடிப்படையாகக் கொள்வது அச்சூத்திரத்தையே.

ஆனால் அக்கண்டுபிடிப்பினின்றும் ஒரு தவறான முடிவும் பிறந்தது. சிலர் இயல்பாகவே ‘விபத்துக்கு ஆளாகும் பேர்வழிகள்’ என்றும், அவர்களை விலக்கினால் விபத்து ஒழியும் என்றும் பலர் வாதிட்டனர். பழைய தலையெழுத்துக் கொள்கை விஞ்ஞான உடை தரித்து மீண்டும் வந்தது எனலாம். வேறுபாடு ஆளில் மாத்திரமன்று, அவர் நிற்கும் இயந்திரத்திலும், அவர் செல்லும் தெருவிலும், அவர் வேலை செய்யும் நேரத்திலும் இருத்தல் கூடும் என்பதைப் பிற்காலத்தாரே நன்குணர்ந்தனர்.

நாடுகளின் கணக்கு

மோட்டார் வண்டிகளுக்கென்றே தனியாக வகுத்த நெடுஞ்சாலை 1924இல் இத்தாலி நாட்டின் மிலான் நகரினின்றும் ஏரிப்பகுதிக்குத் திறக்கப்பட்டது. செருமனியிற் கொலோன் நகருக்கும் பொன் நகருக்குமிடையே 1932இலும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1940இலும், இங்கிலாந்தில் எம்-1 எனப்படும் பெருஞ்சாலை 1959இலும் அமைந்தன. குறுக்குத் தெருவில்லை, எதிர்த்திசையில் வரும் வண்டி தனிப்பாதையிற் செல்லும், கால்நடையாளரும் இலர். இத்தகைய சாலையில் விபத்தே நிகழாது என்று எதிர்பார்த்தோர் பலர்.

இக்காலத்தே சிமீட் என்னும் ஆங்கிலப் புள்ளிவிபர அறிஞர், 1938ஆம் ஆண்டில் இருபது நாடுகளில் நிகழ்ந்த தெருச் சாவுகளை ஒப்பிட்டு, 1949இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். வாகனத் தொகையை மக்கட்டொகையின் வர்க்கத்தாற் பெருக்கி, அப்பெருக்கத்தின் கனமூலத்தை 0.0003 என்பதாற் பெருக்கினால் ஓராண்டிற் சாவோர் தொகை வரும் என்பது அது. மக்கட்டொகை மாறாதிருக்க வாகனங்கள் எட்டு மடங்கானால், சாவு எட்டு மடங்காகாது இரு மடங்கே ஆகும் என்பது அதன் பொருள். இதனைச் ‘சிமீட் விதி’ என வழங்கினர்.

இச்சூத்திரத்தை இலங்கைக்குப் பொருத்திப் பார்த்தல் பயன் தரும். பதிவு செய்யப்பட்ட வாகனங்கள் 80 இலட்சம் என்றும், மக்கள் 220 இலட்சம் என்றும் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,700 பேர் மடிதல் வேண்டும். அண்மைய ஆண்டுகளில் மடிவோர் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்டோரே. மேலை நாடுகள் பலவற்றில் 1970ஆம் ஆண்டுகளின் பின்னர் வாகனங்கள் பெருகப் பெருகச் சாவு குறைந்தது. ஆசனப் பட்டி, வேகக் கட்டுப்பாடு, திருந்திய தெரு, விரைந்த வைத்தியம் என்பன அதற்குக் காரணமாயின. ஆகவே சிமீட் கண்டது மாற்றவொண்ணா ஊழ் அன்று. எதுவுஞ் செய்யாதிருப்பின் நிகழக்கூடியது அது. மேலும், ஒரு நாட்டுக்கு ஓராண்டில் நேர்வதை அது கூறுமேயன்றி, ஒரு சாலையில் இன்று மாலை ஐந்து மணிக்கு நேரக்கூடியதைக் கூறாது. அதனை அறிதற்கு வாகன ஒழுக்கின் இயல்பை அறிதல் வேண்டியதாயிற்று.

வெள்ளமும் வாகன ஒழுக்கும்

அமெரிக்கப் பொறியியலாளர் கிறீன்சீல்ட்ஸ், தெருவோரத்தில் ஒரு திரைப்படக் கருவியை நிறுத்தி, குறித்த இடைவெளியிற் படமெடுத்து, வண்டிகளின் நெருக்கத்தையும் வேகத்தையும் அளந்தார். நெருக்கம் கூடக் கூட வேகம் குறையும் என்பதை 1935இற் கணக்காகக் காட்டினார். இருபது ஆண்டு கழித்து, 1955இல், இங்கிலாந்தின் லைற்ஹில், விதம் என்னும் இருவர் அலைகளைப் பற்றி இரு கட்டுரைகளை ஒருங்கே வெளியிட்டனர். முதலாவது, நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றியது. இரண்டாவது, நெருக்கமான நீண்ட தெருக்களில் வாகனங்கள் நகர்வதைப் பற்றியது. மழைக்காலத்தில் ஆக்கிரா ஓயாவின் வெள்ளம் கீழிறங்கிக் கொத்மலை ஓயாவிற் சேர்வதைக் கண்டோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். நீர்த்துளி வேறு, வெள்ளத்தின் அலை வேறு. அவ்வாறே வண்டி வேறு, வண்டிகளுக்கூடாகச் செல்லும் அலை வேறு. ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றின் வெள்ளலை கீழ்நோக்கியே செல்லும். நெருங்கிய வாகனங்களில் எழும் தடையலையோ பின்னோக்கிச் செல்லும்.

இதனை ஒரு கணக்கால் தெளியலாம். ஒரு தடத்தில் ஒரு கிலோமீற்றருக்கு 20 வண்டிகள் வீதம் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றன என்க. மணிக்கு 1,800 வண்டிகள் கடந்துபோம். ஒரு வண்டியின் முகப்புக்கும் அடுத்ததன் முகப்புக்கும் இடைத்தூரம் 50 மீற்றர். வினாடிக்கு 25 மீற்றர் செல்வதால் இடைநேரம் இரண்டு வினாடி. முன்னே சிவப்பு விளக்கைக் கண்ட சாரதி காலைத் தடுப்பில் வைப்பதற்கே ஒரு வினாடிக்கு மேற் செல்லும். எஞ்சியிருப்பது ஒரு வினாடிக்குங் குறைவானது. அவ்வாறு காலந்தாழ்ந்தமையால் அவர் முன்னவரினும் சற்றுக் கடுமையாகத் தடுப்பை அழுத்தல் வேண்டும். அவர் பின்னவர் இன்னுங் கடுமையாக. அமெரிக்காவில் ஹேமன் முதலியோர் 1958இல் இதனைச் சமன்பாட்டில் அமைத்து, சாரதியின் காலத்தாழ்வும் உணர்ச்சிவிரைவும் ஓர் எல்லையைக் கடப்பின், சிறிய தடுமாற்றம் வரிசை நெடுகப் பெருகிச் செல்லும் எனக் காட்டினர்.

தேர்த் திருவிழாவில் வடம்பிடித்தோர் நெருங்கிச் செல்கையில், முன்னே ஒருவர் கணநேரம் தயங்கினாற் பின்னே நூறு பேருக்கு அப்பால் ஒருவர் தள்ளுண்டு விழுதல் உண்டு. விழுந்தவர் பிழை செய்தவரல்லர்; தயங்கியவர் தாம் ஒரு விழுக்காட்டுக்குக் காரணமானதை அறியவும் மாட்டார். 2008ஆம் ஆண்டில் யப்பானில் சுகியாமா முதலியோர் 230 மீற்றர்ச் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 வண்டிகளை ஒரே வேகத்தில் ஓடுமாறு பணித்தனர். தடையேதும் வைக்கப்படவில்லை. சிறிது நேரத்தில் நெருக்கம் தானே தோன்றிற்று. சில வண்டிகள் முற்றாக நின்றன. அந்நெருக்கம் வட்டத்தைச் சுற்றிப் பின்னோக்கி நகர்ந்தது. குற்றவாளி எவருமின்றியே அபாயம் பிறக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விபத்துக்கு முந்திய சில நிமிடங்கள்

ஒழுக்கின் இயல்பு விளங்கிய பின்னர், இன்ன ஒழுக்கு இன்ன அபாயத்தைத் தரும் என அளத்தலே எஞ்சிய பணியாயிற்று. அமெரிக்க நெடுஞ்சாலைகளின் தளத்திற் கம்பிச் சுருள்கள் புதைக்கப்பட்டிருந்தன. மேலே வண்டி செல்லுந்தோறும் அவற்றில் மின்னியல் மாற்றம் உண்டாகும். அதனால் வண்டிகளின் தொகையும் வேகமும் இடையறாது பதிவாகும். கலிபோணியாவில் 2001இல் வெளிவந்த ஆய்வொன்று, விபத்துக்குச் சற்று முந்திய ஐந்து நிமிடத்தில் வேகத்தின் நியம விலகல் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. கனடாவின் ரொறன்ரோ நகரில் லீ முதலியோர் அதனைத் தொடர்ந்தனர். 2004இற் புளோரிடாவின் ஓர்லாண்டோ நகரூடு செல்லும் நெடுஞ்சாலையில் அப்தெல்-அத்தி முதலியோர் செய்த ஆய்வு குறிப்பிடத்தக்கது.

அவர்கள் கையாண்ட முறை வைத்தியரிடமிருந்து பெற்றது. நோயுற்றவரை அவரையொத்த நோயற்றவரோடு ஒப்பிடுதல் வைத்தியர் வழக்கம். அவ்வாறே விபத்து நிகழ்ந்த இடத்தையும் நேரத்தையும், அதே இடத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில், விபத்து நிகழாத நாட்களோடு ஒப்பிட்டனர். இடமும் வேளையும் ஒன்றாதலின் எஞ்சிய வேறுபாடு ஒழுக்கின் வேறுபாடே. விபத்துக்கு ஐந்து முதற் பத்து நிமிடத்துக்கு முன்னர், பின்புறத்தே வண்டிகள் செறிந்தும், முன்புறத்தே வேகம் சீரின்றியும் இருந்தமை அவ்வொப்பீட்டால் வெளிப்பட்டது. மிகுந்த வேகம் விபத்தின் கொடுமையைக் கூட்டுவது உண்மை. ஆனால் நெருக்கமான சாலையில் மோதலைப் பிறப்பிப்பது வேகத்தின் அளவினும் வேகத்தின் வேறுபாடே எனலாம். இலண்டனைச் சூழும் எம்-25 சாலையில், நெருக்கத்துக்கேற்ப மின்பலகையில் வேக எல்லையைக் குறைத்துக் காட்டும் முறை 1995இலேயே தொடங்கியிருந்தது. எல்லோரையும் சற்று மெதுவாகச் செலுத்தி வேறுபாட்டை அடக்குதலே அதன் உட்கருத்தாகும்.

விபத்து நிகழும் வரை காத்திருத்தல் கொடிது என்று கருதியோர் வேறொரு வழியுங் கண்டனர். அமெரிக்க மோட்டார் நிறுவனமொன்றின் ஆய்வாளரான பேர்க்கின்ஸ், ஹரிஸ் என்போர் 1968இல், மோதலை அன்றி, மயிரிழையில் தப்பிய தருணங்களை எண்ணும் முறையை வகுத்தனர். திடீரெனத் தடுப்பை அழுத்துதலும், திடீரென விலகுதலும் அவற்றின் அடையாளம். இரு வண்டிகளும் தம் வேகத்தையும் திசையையும் மாற்றாவிடின் இன்னும் எத்தனை வினாடியில் மோதும் என்னும் அளவை 1972இல் ஹேவாட் என்பார் புகுத்தினார். ஒரு சாவுக்குப் பின்னே நூற்றுக்கணக்கான தப்பிய தருணங்கள் நிற்கின்றன. அவற்றை எண்ணினாற் சாவு நேருமுன்னரே இடத்தின் குற்றம் வெளிப்படும்.

கணக்கின் எல்லை

இக்கணிதத்தை மிகைபடப் புகழ்தலுந் தகாது. கற்பனைக் கணக்கொன்றைக் கொள்க. ஒரு சாலைப் பகுதியிற் பத்தாயிரம் ஐந்து நிமிட வேளைகளுள் ஒன்றிலேயே விபத்து நிகழ்வதாகவும், எச்சரிக்கைக் கருவி விபத்து வேளைகளில் நூற்றுக்கு எண்பதை முன்னறிவதாகவும், ஏனைய வேளைகளில் நூற்றுக்கு இருபதிற் பொய்யாக ஒலிப்பதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு விபத்தை அறிவித்தற்கு அது ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு முறை வீணே ஒலிக்கும். அவ்வொலியைக் கேட்டுச் சாலையை மூடவொண்ணாது. வேக எல்லையைச் சற்றுத் தாழ்த்துதல் போன்ற எளிய நடவடிக்கைக்கே அது துணையாகும். இன்று கணனி வழியாக எந்திரங்கள் கற்குமாறு செய்யப்படும் புதிய முறைகள் பொய்யொலியைக் குறைத்திருப்பினும், அரிதாய் நிகழ்வதை முன்னறிதலின் இவ்வருமை முற்றாக நீங்கிற்றில்லை. ஓரிடத்தின் பதிவினின்றும் பெற்ற சூத்திரம் வேறோரிடத்துக்கு அப்படியே பொருந்துவதுமில்லை.

இலங்கை நிலை

இலங்கையின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை, கொட்டாவையிலிருந்து காலிக்கு, 2011 நவம்பர் 27இல் திறக்கப்பட்டது. 2013இற் கட்டுநாயக்கச் சாலையும், 2014இல் மாத்தறை வரையும், 2020இல் அம்பாந்தோட்டை வரையும் தெற்குச் சாலையின் நீட்சியும், 2022இல் மீரிகமைக்கும் குருநாகலுக்குமிடையே மத்திய சாலையின் ஒரு பகுதியும் திறக்கப்பட்டன. உயர்வேக எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். முச்சக்கர வண்டியும் மோட்டார்ச் சைக்கிளும் அங்கே செல்லல் இயலாது. மழை பெய்யும்போது வேகத்தை 60 கிலோமீற்றராகக் குறைக்குமாறு அறிவித்தல் விடுப்பதும் உண்டு. நிலைமைக்கேற்ப வேக எல்லையை மாற்றும் முறையின் எளிய வடிவமே அஃது. இச்சாலைகளில் முற்கூறிய கணிதம் நேரே பயன்படத்தக்கது.

மலைநாட்டின் நிலை வேறு. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை வழியாகச் செல்லுந் தெருவும், பேராதனையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாகச் செல்லுந் தெருவும் நுவரெலியாவிற் கூடுகின்றன. சித்திரை மாதத்து வசந்தகாலத்திற் சமவெளியிலிருந்து வாகனங்கள் அங்கே குவிகின்றன. தேயிலை லொறி, தோட்டத்துப் பஸ், முச்சக்கர வண்டி, மலைத்தெருவுக்குப் புதியவரான உல்லாசப் பயணி, பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளை ஆகிய அனைவர்க்கும் ஒரே தெரு. வேக வேறுபாடே அபாயம் எனின், அவ்வேறுபாடு இங்கினும் மிகுந்த இடம் அரிது.

சரிவு மற்றோர் அபாயம். பத்துத் தொன் நிறையுள்ள பஸ் ஒன்று 300 மீற்றர் உயரத்தினின்றும் கீழிறங்குகையில் விடுபடும் சத்தி, 88 லீற்றர் அளவான குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்கப் போதியது. சாரதி தாழ்ந்த கியரில் இறங்காது தடுப்பையே நம்பின் அவ்வெப்பத்தின் பெரும்பங்கு தடுப்புக்களிலேயே சேரும். சூடேறிய தடுப்பு பிடிக்காது.

2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதல்லைக் குறுக்குவீதியில், கொழும்பிலிருந்து மாணவரை ஏற்றிவந்த பஸ் ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் மாண்டனர். 2025 மே 11இற் கொத்மலைப் பகுதியிலே கெரண்டி எல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடு கண்ணீர் விட்டது. ‘விதி’ என்றும் ‘கவனயீனம்’ என்றும் வழமையான இரு விடைகளும் கூறப்பட்டன. அவ்விடைகளுள் உண்மை சிறிதுமில்லை என்பது இக்கட்டுரையின் துணிபன்று. சாரதி தவறுதல் கூடும். நித்திரை கொள்ளலுங் கூடும். ஆனால் மனிதன் தவறக்கூடியவன் என்பதை முன்னரே அறிந்து, தவறினாலும் உயிர் தப்புமாறு தெருவை அமைத்தலே அறிவுடைமை. சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்ட கொள்கையும் இதுவே. பள்ளத்தோரத்தில் உறுதியான தடையொன்று நின்றால், அது சாரதியின் குற்றத்தை மன்னிப்பதன்று. பயணிகளின் உயிரைக் காப்பது.

முடிவுரை

புவாசோன் முதலாக இன்றுவரை நிகழ்ந்த வளர்ச்சியைத் தொகுத்து நோக்கின் ஒரு படிமுறை புலப்படும். முதலிற் சாவை எண்ணினர். பின்னர் ஆளை ஆராய்ந்தனர். பின்னர் நாட்டை ஒப்பிட்டனர். பின்னர் ஒழுக்கை அளந்தனர். ஈற்றில் விபத்துக்கு முந்திய சில நிமிடங்களை அணுகினர். ‘யார் குற்றவாளி’ என்னும் வினா ‘எந்த இடத்தில், எந்த வேளையில், எத்தகைய ஒழுக்கில்’ என்னும் வினாவாக மாறியபொழுதெல்லாம் உயிர் காக்கும் வழி ஒன்று திறந்தது.

டயகமத் தெருவிற் கம்பிச் சுருள் புதைக்கப்படும் நாள் அண்மையில் இல்லாதிருக்கலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டுவதுமில்லை. தப்பிய தருணங்களை எண்ணும் முறைக்கு வேண்டியன ஒரு கொப்பியும், ஒரு கடிகாரமும், வளைவைப் பார்த்துப் பாதுகாப்பாக நிற்க ஓர் உயர்ந்த திட்டுமே. எந்த வளைவில், எந்த மணியில், எந்த மழையில் வண்டிகள் திடுமெனத் தடுப்பை அழுத்துகின்றன என்பதை ஒரு தவணைக் காலம் ஒழுங்காகக் குறித்துவைத்தால், தெருப்பகுதியார் முன் வைத்தற்கேற்ற சான்று ஒன்று உருவாகும். இத்தீவின் பெருந்தெருவைத் தம் கையால் வெட்டியோரின் வழித்தோன்றல்கள், அத்தெருவில் நிகழ்வதைத் தம் கையால் எண்ணத் தொடங்குதல் பொருத்தமுடையதேயாம். மன்னார்ப் பாதையில் மாண்டோரை எண்ணுவாரில்லை. அக்குறை மீண்டும் நேரவேண்டுவதில்லை.

விதியை மதியால் வெல்லலாம் என்பது பழமொழி. ஊழென்னும் விதியை வெல்லுதற்கு மதி கண்ட கருவி, நியதியென்னும் விதியை அறிதலே.